இதை மாற்றுபவன் கை

நவ. 3, திங்கள்

மழை. காலை ஆறு மணிக்கே பிடித்துக்கொண்டது. சாந்தோம் சந்தில் கணுக்கால் தண்ணீர். புதுச் செருப்பு போச்சு.

ஷேர் ஆட்டோவில் தி. நகர். பாண்டி பஜார் முனையில் ஒரு பைக்காரனும் ஆட்டோக்காரரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கண்ணாடி இடித்துவிட்டதாம். "மூஞ்ச பேத்துருவேன்." "பேத்துப் பாரு, இந்தா கீது மூஞ்சி." யாரும் யார் மூஞ்சியையும் பேர்க்கவில்லை. பின்னால் இருந்த அத்தனை வண்டிக்கும் கால் மணி நேரம் தாமதம். ஒரு அறை விட்டிருந்தால் சட்டென்று முடிந்திருக்கும். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

இந்த வார வேலை: கொலை. பழைய அப்பார்ட்மென்ட் லிஃப்ட்களுக்கு மூளை மாற்றிக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் பிழைப்பு. கிரில் கதவு வைத்த கிழட்டு லிஃப்ட்கள். பன்னிரண்டு கட்டடங்கள். அந்த மூளைக்குள் ஓடும் கோட் முழுக்க என் பொறுப்பு. நாங்கள் எழுதும் மொழிக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டது. அதன் மேக்ரோ பகுதியில் நாற்பத்தொரு ஃபங்ஷன்கள் காலாவதி. அடுத்த பதிப்பில் ஒன்றும் இருக்காது. கம்பைல் செய்தால் திரை முழுக்க மஞ்சள் எச்சரிக்கை. மூன்று வருடமாக அந்த எச்சரிக்கைகளை மறைத்துவைத்து ஓட்டியாகிவிட்டது.

த.சே. (முதலாளி தனசேகர். இனி இரண்டெழுத்து போதும்) கதவருகே நின்று: "ஜெசி, பத்து நாள்ல முடிச்சிருவியா?"

"அஞ்சு போதும் சார். ஒண்ணு விடாம வெட்டிடறேன்."

"மெதுவா வெட்டு. பில்டிங்ல ஆள் இருக்காங்க."

நல்ல வார்த்தைதான் சொன்னார். அதையும் எழுதிவைக்கிறேன்.

வெட்டியவை: 6. கொன்ற கரப்பான்: 2 (கீபோர்டுக்கு அடியில் ஒன்று, டிபன் பாக்ஸ் மேல் ஒன்று).

நவ. 4, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. காலையில் அம்மா தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள், மேக்ரோ மேக்ரோ என்கிறாயே, அது என்ன? எதிர்வீட்டு மாமியின் கோல உருளையைக் காட்டினேன். மாவைப் போட்டு உருட்டினால் வாசல் நீளத்துக்கும் தாமரை. அந்த உருளைதான் மேக்ரோ. ஒரு முறை செய்துவைத்தால் அது மற்றதை எழுதிக்கொண்டே போகும். உருளையில் ஓட்டை தப்பாக விழுந்தால் தெரு முழுக்கத் தப்பு.

"அப்ப ஓட்டை போடுறப்ப நிதானமா போடு. உனக்கும் நிதானத்துக்கும் ஏழாம் பொருத்தம்" என்றாள்.

இந்த வருடம் நான் உடைத்தவை: மௌஸ் 3, மிக்ஸி ஜார் மூடி 1, பாத்ரூம் கதவுத் தாழ்ப்பாள், எங்கள் சந்தில் என் காலை உரசிய பைக்கின் இண்டிகேட்டர் (குடைக் கம்பியால்), பழைய ஆபீசில் ஒருவனோடு இருந்த நட்பு.

ப.மே. (பழைய மேக்ரோக்கள்) பற்றிக் குறிப்பு. அதன் பெரிய குற்றம், உள்ளே எதைக் கொடுத்தாலும் அதை இரண்டு முறை ஒட்டிவிடும். "கதவைப் பார்" என்று நான் ஒரு முறை எழுதினால் மெஷின் இரண்டு முறை பார்க்கும். பாடப்புத்தகத்தில் இதைப் பிழை என்றே சொல்லுவார்கள். புதியது ஒரு முறைதான் பார்க்கும். வேகம், சுத்தம்.

வெட்டியவை: 14. கழுத்து வலி. ஆனால் சந்தோஷம். அழிக்கும் விசையை அழுத்தும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன் என்று இன்றுதான் கவனித்தேன்.

நவ. 5, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது, பிறகு பயந்து போய்விட்டது.

கதவு பார்க்கும் இடத்துக்கு வந்தேன். அந்தப் பழைய மேக்ரோவுக்கு மேலே ஒரு குறிப்பு. ஆங்கில எழுத்தில் தமிழ். "இதை மாற்றுபவன் கையை உடைப்பேன்." அவ்வளவுதான். காரணம் இல்லை, பெயர் இல்லை.

வாய்விட்டுச் சிரித்தேன். சுந்தர் வேலையாகத்தான் இருக்கும். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவன், ராயப்பேட்டை ரவுடி என்று பெயர், இப்போது வெளிநாட்டில் பனி வாரிக்கொண்டிருக்கிறான். "வாடா, வந்து உடை" என்று சொல்லிக்கொண்டே குறிப்பையும் சேர்த்து அழித்தேன்.

சோதனைப் பலகையில் ஓட்டினேன். அத்தனையும் பச்சை. பலகையில் இருக்கும் கதவு ஒரு சுவிட்ச். அது நனையாது, துருப்பிடிக்காது.

41/41. மாலை கீழே இறங்கிப் போய் எனக்கு நானே ஒரு மசால் வடை.

நவ. 6, வியாழன்

தூறல். பன்னிரண்டு லிஃப்ட்டுக்கும் புது கோட் போய்விட்டது. அனுப்ப ஒரு சாவி உண்டு, விரல் நீளம், பென் டிரைவ் மாதிரி. அது எப்போதும் த.சே.யின் சட்டைப் பையில். அவர் செருக, நான் அனுப்ப. ஒன்பது நிமிடம்.

டில்லி வந்திருந்தார். எங்கள் மெக்கானிக். பத்து வருடமாக இந்தப் பன்னிரண்டு லிஃப்ட்டையும் ஏறி இறங்கிப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். வந்தால் என் மேஜையில் கிரீஸ் கையை வைப்பார். திட்டுவேன். வேண்டுமென்றே அடுத்த கையையும் வைப்பார்.

"இன்னா மேடம், புச்சா ஏதோ போட்டியாமே. என் வேல கொறயுமா, ஏறுமா?"

"குறையும். இப்ப ரெண்டு மடங்கு வேகம்."

"வேகமா போயி இன்னா பண்ணப் போறாங்க மேடம். மேல போனாலும் அதே சீரியல்தான்."

மேஜையில் ஐந்து விரல் கறுப்பு. இன்னும் துடைக்கவில்லை.

நவ. 7, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கொட்டும் மழை. காலை பதினொன்றரை. டில்லி போன். மந்தைவெளிக் கட்டடம். மூன்றாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது, கிரில்லைத் திறந்து உள்ளே கை விட்டு வாசல்படிக் கம்பியைச் சுத்தம் செய்கிறேன் என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மழைச் சத்தம் கேட்டது.

"கதவு தொறந்துதான் கீது மேடம். உன் பொட்டி இன்னா சொல்து?"

என் திரையில் அந்த லிஃப்ட்டைத் திறந்தேன். "கதவு: திறப்பு." அதைத்தான் சொல்லவும் வாயெடுத்தேன். கண் முன்னால் அது மாறியது. "கதவு: மூடல்." ஒரே ஒரு இமைப்பு. உடனே மறுபடி திறப்பு. அந்த இமைப்பில் மோட்டார் விளக்கு எரிந்தது.

லிஃப்ட் முக்கால் அடி ஏறியது. முக்கால் அடி போதும்.

முதலில் எலும்பின் சத்தம். கேட்டேன். கரும்பு ஜூஸ் மெஷினில் கரும்பு போகிற சத்தம். அதற்குப் பிறகுதான் அவர் கத்தினார். பத்து வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. வாட்ச்மேன் ஓடிவரும் சத்தம், "ஐயோ ஐயோ எறக்கு எறக்கு", யாரோ ஒரு பெண் படிக்கட்டில் அலறல். நான் இங்கே மேஜையைப் பிடித்துக்கொண்டு "டில்லி டில்லி" என்று கத்தியதாகப் பக்கத்து அறைக்காரர்கள் சொன்னார்கள். நினைவில்லை.

அரசு ஆஸ்பத்திரி. வலது கை. ஆள்காட்டி, நடு, மோதிர விரல். மூன்றும் எடுத்தாகிவிட்டது. வெளி பெஞ்சில் அவர் மனைவி கஸ்தூரி. ஊரூர் குப்பத்தில் மீன் விற்பவள். மீன் கூடையோடு அப்படியே வந்திருந்தாள். அழவில்லை. சுவரை முறைத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரே கேள்வி: "எப்டி மேடம், தொறந்த கதவுல வண்டி போவும்?"

"பாக்கணும்மா" என்றேன்.

நவ. 8, சனி

மழை. ஆபீசில் த.சே. முகத்தில் நிம்மதி. கட்டடத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தாராம். உள்ளே ஜம்பர் இருந்ததாம்.

ஜம்பர் என்றால் ஒரு துண்டு வயர். கதவு திறந்தால் லிஃப்ட்டை நிறுத்த இரண்டு காவல் உண்டு. ஒன்று வயர் வழி, ஒன்று என் கோட் வழி. பழுது பார்க்கும்போது மெக்கானிக் அந்த வயர் காவலைத் துண்டு வயரால் விலக்கிவைப்பார். தப்புதான். ஆனால் எல்லா ஊரிலும் எல்லா மெக்கானிக்கும் செய்வது. அப்போது மிச்சம் இருக்கிற ஒரே காவல் என் கோட்.

"அவனே போட்டான், அவன் கை போச்சு. திங்கக்கிழமை ஒரு பேப்பர்ல இடது கையால கையெழுத்து வாங்கிடுவேன். பாவம், ஆனா அவன் தப்பு." இதை டீ ஊதிக்கொண்டே சொன்னார்.

டில்லி ஜம்பரோடு பத்து வருடமாக வேலை செய்கிறார். ஒரு நாளும் ஆகாதது புது கோட் போன மறுநாள் ஏன் ஆகவேண்டும்? சுந்தரின் அந்தக் குறிப்பு தலைக்குள் குடைந்தது. அலமாரியில் பழைய ஹார்ட் டிஸ்க். எந்த வரியை எவர், என்று, ஏன் எழுதினார் என்று அதில் இருக்கும். புதுச் சர்வருக்கு மாறியபோது அந்தப் பழைய வரலாற்றை நாங்கள் கொண்டுவரவில்லை. தேடினேன்.

"இதை மாற்றுபவன் கையை உடைப்பேன்." எட்டு வருடத்துக்கு முந்தைய நவம்பர். எழுதியவர் பெயர்: ஜெசிந்தா.

நான்.

பக்கத்தில் என்னுடைய இன்னொரு குறிப்பு, இரண்டே சொல்: "மழை. டில்லி."

ஒரு நொடியில் எல்லாம் வந்துவிட்டது. மயிலாப்பூர்க் கட்டடம், இப்படியே ஒரு மழை, டில்லி லிஃப்ட் கூரைமேல் உட்கார்ந்து கீழே என்னைப் பார்த்துச் சொன்னார்: "மேடம், மயைல இந்தக் கதவு சுச்சு கான்டாக்ட்டு பொய் சொல்து. தண்ணி எறங்குனா தொறந்தத மூடிகீதுன்னும். ரெண்டு வாட்டி பாக்கச் சொல்லு உன் பொட்டிய." அன்று எனக்குக் காய்ச்சல், த.சே.யோடு சண்டை. அந்தப் பழைய மேக்ரோ எதையும் இரண்டு முறை பார்க்கும் என்று தெரிந்துதான் அதையே எடுத்து அங்கே வைத்தேன். இரண்டு முறையும் மூடல் என்றால்தான் மோட்டார். யாராவது பிற்பாடு அறிவாளித்தனமாகச் "சுத்தம்" செய்வார்கள் என்றும் தெரியும். அதற்கு மேலே காரணத்தை எழுதியிருக்கலாம். ஒரு வரி. மிரட்டலை எழுதினேன்.

அலமாரிக் கதவை முஷ்டியால் குத்தினேன். தகரம் குழிந்தது. மறுபடி குத்தினேன். முட்டியில் தோல் உரிந்த பிறகுதான் நிறுத்தினேன்.

டிஸ்க்கைச் சுவரில் அடித்தால் முடிந்தது. என் பெயர் வேறு எங்கும் இல்லை. கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். பைக்குள் போட்டேன்.

நவ. 9, ஞாயிறு

அம்மாவோடு பூசை. சாமியார் என்ன பிரசங்கம் வைத்தார் என்று தெரியாது. முன் வரிசையில் ஒருவர் வலது கையால் சிலுவை போட்டதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். டில்லி மயக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில். "ஜம்பர் நான்தான் போட்டேன் மேடம். என் தப்புதான். சாரு மேல ஒண்ணும் இல்ல" என்றார். கஸ்தூரி அவர் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டே "சும்மா கெட நைனா" என்றாள். ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். கோழை.

வீட்டில் அம்மா முட்டியைப் பார்த்தாள். மஞ்சள் வைத்துக் கட்டினாள். "அப்படியே உங்கப்பா கை" என்றாள். அப்பாவுக்கு ஒரு பழமொழி, அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான். அதைச் சொல்லிக்கொண்டேதான் பெல்ட்டை உருவுவார். எதற்கு அடி என்று மட்டும் சொல்லவே மாட்டார். எத்தனையோ நாள் அடி வாங்கிவிட்டு, என்ன செய்தேன் என்று நானே உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். அதனால் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்த நாளும் அதையே செய்தேன், ஏனென்றால் எதைச் செய்தேன் என்று தெரியாது.

கோட்டில் நான் எழுதியது அப்பாவின் பாஷை. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

நவ. 10, திங்கள்

மழை. நிறைய எழுதவேண்டும். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணல்.

காலை பத்து. த.சே. அறை. மடிக்கணினியைத் திறந்து மேஜைமேல் வைத்து டிஸ்க்கில் இருந்த பழைய கோட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். பழையது இரண்டு முறை பார்த்தது, புதியது ஒரு முறை பார்க்கிறது. மாற்றியவள் நான், எட்டு வருடத்துக்கு முன்னால் காரணம் எழுதாமல் விட்டவளும் நான். மீதிப் பதினொரு லிஃப்ட்டிலும் இதேதான் ஓடுகிறது. சாவியைக் கொடுங்கள், இப்போதே பழையதை அனுப்புகிறேன்.

"வயர் காவல் இருக்கே மத்ததுல. ஜம்பர் போட்டாத்தானே பிரச்சினை?"

"ஜம்பர் வேற எதுலயாவது இருக்கா சார்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஜெசி, லிசன். இன்னிக்கி நீ பழசை அனுப்பினா, நேத்து புதுசுல தப்பு இருந்துச்சுன்னு நாமளே எழுதிக் குடுக்கறதா அர்த்தம். லிஃப்ட் இன்ஸ்பெக்டர் கேப்பான். இருபத்தாறு வருஷக் கம்பெனி. எத்தனை குடும்பம்? ஒரு மாசம் போகட்டும், சத்தமில்லாம மாத்திக்கலாம்."

"மழை ஒரு மாசம் காத்திருக்குமா சார்?"

"அந்த டிஸ்க் எங்கே?"

பையைத் தோளோடு இறுக்கினேன். எழுந்து வந்தார். என் வலது கை இன்னும் கீபோர்டில். மடிக்கணினி மூடியை இரண்டு கையாலும் அறைந்து மூடினார். விரல்கள் உள்ளே. நான் கத்துவதற்குள் பையைப் பிடித்து இழுத்தார். வார் அறுந்தது. பைக்குள் இருந்து டிபன் பாக்ஸ் வெளியே வந்து என் இடது கையில் அகப்பட்டது. மூன்றடுக்கு எவர்சில்வர், புளிசாதத்தோடு. ஓங்கி அடித்தேன். நெற்றியில். ஒரு அடிதான். இரண்டாவது ஓங்கும்போது அவர் கண்ணைப் பார்த்தேன், கையை இறக்கிவிட்டேன். இரத்தம் புருவத்தில் இறங்கி மூக்கோரம் வந்தது. தரையெல்லாம் புளிசாதம். கணக்குப் பிரிவு அக்கா வாசலில் நின்று "மாதாவே" என்றார். அவர் மாதாவைக் கும்பிடுகிறவர் இல்லை.

எனக்கு வருத்தம் இருக்கிறதா? அடித்ததில் இல்லை. அடித்தபோது நன்றாக இருந்ததில் இருக்கிறது.

பையை எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி.

சொல்லிவிட்டேன். உட்காராமல், கட்டில் கால்மாட்டில் நின்று. ஜம்பர் போட்டது தப்பு, ஆனால் கை போனது அதனால் இல்லை. எட்டு வருடம் கோட் இரண்டு முறை பார்த்தது, நீங்கள் சொன்னதால். போன வாரம் நான் அதை வெட்டினேன். நான் வெட்டினேன், டில்லி. நீங்கள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது, நான் எழுதிக் கொடுக்கிறேன்.

கஸ்தூரி எழுந்துவிட்டாள். கைவிரல்கள் விரிந்தன. டில்லி இடது கையால் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். என்னை அவர் திட்டவில்லை. கேட்டது வேறு:

"மத்த வண்டில எல்லாம் அதான் ஓடுதா?"

"பதினொண்ணுலயும்."

கண்ணை மூடினார். "ஆறுல ஜம்பர் உள்ளயே கீது மேடம். மைலாப்பூர்ல மூணு, அடையார்ல ரெண்டு, வேளச்சேரி ஒண்ணு. எடுத்தா மயைல நடு மாடில நின்னுக்கும், செக்ரட்டரி கத்துவான். உன் சாருதான் 'இருக்கட்டும் வுடு'ன்னாரு."

அதற்குத்தான் த.சே. ஜன்னலைப் பார்த்தார்.

டில்லிக்கு ஆறு கட்டடத்து வாட்ச்மேனும் பெயர் சொல்லித் தெரியும். போனை அவர் வயிற்றின்மேல் வைத்தாள் கஸ்தூரி. இடது கட்டைவிரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடினார். "அண்ணே, டில்லி பேசறேன். மெயின எறக்கு. ஆமா, இப்பவே. செக்ரட்டரி கேட்டா என் பேரச் சொல்லு. ஒரு ஆளு உள்ள போவக் கூடாது." ஐந்து பேர் எடுத்தார்கள். ஐந்து லிஃப்ட் நின்றது. அடையாறில் ஒருவர் எடுக்கவே இல்லை.

"வாம்மே" என்றாள் கஸ்தூரி. ஆட்டோவில் என்னைப் பார்க்கவில்லை. அடையாறு பாலத்தில் நெரிசல். அவளே இறங்கி ஒரு காரின் பானெட்டில் அறைந்து வழி பண்ணினாள்.

நான்கு மாடிக் கட்டடம். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். ஒரு பெரியவர் காய்கறிப் பையோடு லிஃப்ட்டுக்குள் நின்று கிரில்லை இழுத்துக்கொண்டிருந்தார்.

"சார், வெளிய வாங்க. லிஃப்ட்ல கோளாறு."

"நீ யாரும்மா? பத்து நிமிஷம் முன்னாடிகூட நன்னாத்தானே போயிண்டிருந்தது."

கஸ்தூரி கிரில்லுக்குள் கையை விட்டு அவர் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தாள். தக்காளி உருண்டது. "என்னடி இது, ரவுடித்தனம்!" அவள் அதற்குள் மெயின் சுவிட்ச் பெட்டி அருகே போய்விட்டாள். மெயினை இறக்கினாள். விளக்கு அணைந்தது.

அப்புறம்தான் சுவரில் சாய்ந்து அழுதாள். சத்தமாக. பெரியவர் தக்காளியைப் பொறுக்காமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டார்.

நவ. 11, செவ்வாய்

வெயில். வலது கை வீக்கம், எலும்பு முறியவில்லை.

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு நானே போய் எழுத்தில் கொடுத்தேன். நான்கு பக்கம். என் பெயர், நான் செய்தது, டிஸ்க்கின் நகல். த.சே. என்மேல் போலீசில் புகார் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில் போன்.

"ஆறு அசோசியேஷனும் மாத்தி மாத்தி என்னைக் கிழிக்கறாங்க. சாவியை ரிசெப்ஷன்ல வெச்சிருக்கேன். வந்து சரி பண்ணித் தொலை. என் மூஞ்சில முழிக்காதே." பிறகு கொஞ்சம் தயங்கி: "நாலு தையல்."

"உங்க கை எனக்கு மூணு விரல் வீங்க வெச்சிருக்கு சார்."

வைத்துவிட்டார். டில்லி கையெழுத்துப் போடவேண்டிய காகிதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பழைய மேக்ரோவைத் திரும்ப வைக்க முடியாது, மொழியே அதைத் தூக்கி எறியப்போகிறது. ஆகவே புதியதைக் கொண்டே, வேண்டுமென்றே, வெளிப்படையாக இரண்டு முறை பார்க்க எழுதினேன். சோதனைப் பலகைச் சுவிட்ச்சில் உப்புத் தண்ணீர் ஊற்றினேன். நூறு முறை பொய் சொல்லவைத்தேன். நூறு முறையும் மோட்டார் அசையவில்லை. பன்னிரண்டுக்கும் அனுப்பினேன், மந்தைவெளியையும் சேர்த்து. ஜம்பர்களை எடுக்க வேறு மெக்கானிக் போயிருக்கிறார். மேலே குறிப்பு எழுதும் இடம் மட்டும் காலி. என்ன எழுதுவது என்று வரவில்லை.

மேஜைமேல் ஐந்து விரல் கிரீஸ். துடைக்க வந்த ஆபீஸ் ஆயாவைத் தடுத்துவிட்டேன். "இது மட்டும் இருக்கட்டும்மா."

நவ. 12, புதன்

மேகம். டில்லியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரூர் குப்பம் போனேன். சந்தில் வலை, படகு, நாய். ஒற்றை அறை. பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டு பெரிய வெள்ளை உருண்டை. அரிக்கிறதாம், இல்லாத விரலில்.

இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்த கடிதத்தை வாசித்துக் காட்டினேன். கஸ்தூரி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடிந்ததும் டில்லி கேட்டார்:

"அப்பவே நான் சொன்னத எயுதி வெச்சேன்னியே மேடம். இன்னா எயுதின?"

ஒரு குறிப்பு எழுதினேன் என்று மட்டும் கடிதத்தில் இருந்தது, என்ன குறிப்பு என்று போடவில்லை. அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

"சொல்லு."

"இதை மாத்துறவன் கையை உடைப்பேன்னு."

முதலில் கஸ்தூரிதான் சிரித்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு எழுந்து வந்து என்னை அறைந்தாள். மீன் செதிள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. கை ஓங்கவில்லை நான். என் வாழ்நாளில் முதல் தடவை.

"ஒக்காரு" என்றார் டில்லி. யாரைச் சொன்னார் என்று தெரியாமல் இருவரும் உட்கார்ந்தோம். கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"மாத்துனது நீ. ஒடஞ்சது எனுது." இடது கையால் என் மடிக்கணினிப் பையைக் காட்டினார். பிறகு: "பொட்டியத் தொற. நான் சொல்றேன், அத எயுது. இங்கிலீசுல வாணாம். நான் சொல்றாப்பலயே."

வீங்கிய விரலால் தட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் திருப்பி வாசிக்கச் சொன்னார். ஒரு எழுத்து மாற்றவில்லை:

மய பேஞ்சா இந்தக் கான்டாக்ட்டு பொய் சொல்லும். ரெண்டு வாட்டி கேளு. ரெண்டு வாட்டியும் மூடிகீதுன்னு சொன்னாதான் மோட்டார வுடு. இத மாத்தணும்னா மாத்திக்கோ, ஆனா மொதல்ல என் கைய வந்து பாத்துட்டுப் போ. டில்லி, லிப்ட்டு மெக்கானிக், ஊரூர் குப்பம்.